ரோஜாக் குப்பை

எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் பூஞ்சையால்தான் பிழைப்பு. என் கணவர் அதைக் கொல்வார், நான் அதை வளர்ப்பேன். அவர் பசுமைக்குடிலில் ரோஜா பயிரிடுகிறவர். இலையில் சாம்பல் பூத்தாலோ மொட்டில் புள்ளி விழுந்தாலோ அன்றைக்கு அவருக்கு எதுவும் தொண்டையில் இறங்காது. நான் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். நோயாளியின் சளியிலோ புண்ணிலோ இருக்கும் பூஞ்சையை எடுத்து, தட்டில் ஊட்டம் போட்டு, இதமான சூட்டில் வளர்த்து, அது என்ன ஜாதி, எந்த மருந்துக்குச் சாகும் என்று டாக்டர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. "நான் காசு போட்டுக் கொல்றதை இவ சம்பளம் வாங்கிட்டு வளர்க்கிறா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கல்யாணமான புதிதில் எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்குப் பிறகும் அவர் விடவில்லை.

எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். அது ஊரறிந்த விஷயம். ஆய்வகத்தில் தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு யாராவது பேசினால் போதும், வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன். பூஞ்சையின் வித்து தூசியைவிட லேசானது. தட்டுக்கு மேல் தும்மினால் அறை முழுக்கப் பரவும். கோபப்படாமல் எப்படி இருப்பது? வீட்டிலும் அப்படித்தான். கணவர் பதிலுக்குக் கத்துவார், குடிலுக்குள் போய் மொட்டுகளோடு பேசுவார், சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார்.

எங்களோடு என் தம்பியும் இருந்தான். லிஃப்ட் மெக்கானிக். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவனுக்கு நான், எனக்கு அவன் என்றாகிவிட்டது. சின்ன வயதிலேயே அவனுடைய இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. என்னுடையதில் ஒன்றைக் கொடுத்தேன். "உன் கிட்னியும் உன்ன மாதிரிதான்க்கா. தண்ணி குடிக்கக் கொஞ்சம் லேட்டானாக்கூட முறைச்சுக்குது" என்பான். அந்த ஒரு சிறுநீரகத்தை அவன் உடம்பு வெளியாள் என்று துரத்திவிடாமல் இருக்க, உடம்பின் காவலைத் தூங்க வைக்கும் மாத்திரைகளை ஆயுசு முழுக்கச் சாப்பிட வேண்டும். காவல் தூங்கினால் கள்ளன் எவனும் வரலாம் என்பது எனக்குத் தெரியாததா?

அதனால்தான் அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் கணவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். இவன் செடியைத் தொடக்கூடாது, மண்ணைத் தொடக்கூடாது, குப்பைமேடு வீட்டுப் பக்கம் இருக்கக்கூடாது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. குடிலை ஒட்டி இருந்த அறையைக் காலி செய்து, கழுவி, கட்டில் போட்டுக் கொடுத்தார். "மாப்ள, இதுதான் நம்ம இடத்துலயே நல்ல காத்து வர்ற ரூம்" என்றார். குப்பைமேட்டைத் தோட்டத்தின் கோடிக்குத் தள்ளினார். வெட்டிய தண்டுகள், உதிர்ந்த இலை, விற்காத பூக்கட்டுகள் எல்லாம் அங்கே போகும். பூ விலை விழுந்த மாதங்களில் கட்டுக் கட்டாகப் போனது. மேடு உயர்ந்தது, அகன்றது, கொஞ்சம் கொஞ்சமாக அறைப் பக்கம் நகர்ந்தது. தினமும் பார்க்கும் பொருள் வளர்வது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. என் கண்ணுக்கும் தெரியவில்லை.

முதலில் வறட்டு இருமல். பிறகு காய்ச்சல். படம் எடுத்துப் பார்த்தபோது வலது நுரையீரலில் ஒரு வெள்ளை உருண்டை, சுற்றிலும் மங்கலான வளையம். எனக்கு டாக்டர் விளக்க வேண்டியிருக்கவில்லை. இந்த மாதிரிப் படங்களோடு வரும் மாதிரிகளைத்தான் நான் வருஷக்கணக்காக வளர்த்துக்கொண்டிருக்கிறேன். 

நுரையீரலைக் கழுவி எடுத்த நீர் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. சொந்தக்காரர்களின் மாதிரியைத் தொடக்கூடாது என்பது எங்கள் விதி. பக்கத்து மேஜைக்காரி எடுத்துக்கொண்டாள். நல்ல வேலைக்காரி, கை சுத்தம், ஆனால் அழகு பார்ப்பவள். தட்டில் பூஞ்சை வட்ட வட்டமாக முளைக்கும். ஒவ்வொரு வட்டத்தையும் நாங்கள் காலனி என்போம். அவன் தட்டில் சாம்பல் கலந்த பச்சையில், வெல்வெட் போல, நாலைந்து காலனிகள். மருந்துப் பரிசோதனைக்கு அவற்றில் ஒன்றை எடுத்துச் சோதிப்பது எங்கள் வழக்கம். ஒன்றைத்தான் எடுப்போம். எல்லாவற்றையும் எடுக்க ஆளும் இல்லை, தட்டும் இல்லை. அவள் எப்போதும் செய்கிற மாதிரி நன்றாக வளர்ந்த, நிறம் ஏறிய, நடுவில் இருந்த காலனியை எடுத்தாள். நான் என் மேஜையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மருந்துக்குச் சாகிறது என்று முடிவு வந்தது. அசோல் என்கிற மாத்திரை. மனிதர்களுக்கு வரும் இந்த நோய்க்கு முதலில் கை நீட்டி எடுக்கும் மருந்து அதுதான். எனக்குப் போன உயிர் வந்தது. பக்கத்து மேஜைக்காரியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் பயந்தே போனாள், நான் கட்டிப்பிடிக்கிற ஆள் இல்லை.

மாத்திரை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. இரண்டாவது படத்தில் உருண்டை பெரிதாகியிருந்தது. சிறுநீரக டாக்டர் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்தார், சரியாக இருந்தது. "மருந்து கேட்கும்னுதான் உங்க லேப் சொல்லுது. உடம்புதான் கேட்கல போலிருக்கு" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உடம்பு எங்கள் வீட்டு உடம்பு, லேபும் எங்கள் லேப். எதை விட்டுக்கொடுப்பது என்று தெரியவில்லை.

முடிந்துபோன தட்டுகளை உடனே எரிப்பதில்லை, கொஞ்ச நாள் குளிர்பெட்டியில் வைத்திருப்போம். மதிய இடைவேளையில் எல்லோரும் சாப்பிடப் போனபோது தம்பியின் தட்டை எடுத்தேன். விதி மீறல்தான். தெரிந்தேதான் எடுத்தேன். விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த அழகான காலனியைக் கிள்ளிய இடம் பள்ளமாக இருந்தது. விளிம்பில், தட்டின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இன்னொன்று. நிறம் ஏறத் தாமதித்த, வெளிறிய, சோம்பேறிக் காலனி. எவளும் அதை எடுக்க மாட்டாள். நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ஊசி முனையால் தொட்டு, அசோல் கலந்த தட்டில் வைத்தேன். பக்கத்திலேயே அழகான காலனியின் மிச்சத்தையும் வைத்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அழகானது செத்துக் கிடந்தது. சோம்பேறி தட்டு முழுக்கப் படர்ந்து உட்கார்ந்திருந்தது.

ஒரே நுரையீரலில் இரண்டு குடி. ஒன்று மருந்துக்குச் சாகும், மற்றது சாகாது. சாகிறதைக் கொன்று சாகாததற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறோம். பக்கத்து மேஜைக்காரியிடம் தட்டைக் காட்டினேன்.  "எல்லாரும் ஒண்ணைத்தானே எடுப்போம்" என்றாள். "அதுலயும் நல்லதாப் பார்த்து எடுக்கிறியே, பூ வாங்கவா வந்தே?" என்று நான் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மருந்தை மாற்றினார்கள். நரம்பில் ஏற்றுகிற பழைய மருந்து. வார்டில் அதற்கு மஞ்சள் மருந்து என்று பெயர். பூஞ்சையைக் கொல்லும், சந்தேகமில்லை. சிறுநீரகத்தையும் விட்டுவைக்காது. ஏறும்போது தம்பி நடுங்குவான். கட்டில் கம்பி சத்தம் போடும். போர்வைக்கு மேல் போர்வை போட்டு நான் பிடித்துக்கொள்வேன். பல் கிட்டித்த நிலையிலும் வாய் சும்மா இருக்காது. "உன் பொருளை... நான் பத்திரமா... வெச்சுக்கலன்னு... திட்டப் போறியாக்கா?" என்பான். வாயை மூடிக்கொண்டு நடுங்கு என்பேன். வெளியே வந்து அழுவேன்.

சோம்பேறிக் காலனியை மரபணு வாசிக்கும் அறைக்குக் கொடுத்தேன். அங்கே இருப்பவரை நாங்கள் எழுத்தெண்ணி என்போம். பூஞ்சையானாலும் மனிதரானாலும் உயிரின் செய்தி எல்லாம் நாலே எழுத்தில்தான் எழுதியிருக்கிறது. அந்த எழுத்துகளை வரிசையாக வாசிப்பதே அவர் வேலை. மெலிந்த உருவம், மெல்லிய குரல், எதையும் நிதானமாகச் சொல்வார். எனக்கு நேர் எதிர்.

"இந்தப் பூஞ்சை தன் செல்லைச் சுத்தி ஒரு தோல் கட்டுது இல்லையா, அந்தத் தோலுக்குச் சரக்கு செய்யிற நொதிக்குள்ளதான் அசோல் போய் அடைச்சுக்கும். சரக்கு நின்னுடும், தோல் ஓட்டையாகும், செத்துடும். இதுல பாருங்க, அந்த நொதியோட ஜீனுக்கு முன்னாடி இருக்கிற துண்டு ரெண்டு தடவை எழுதியிருக்கு. அப்படியே அச்சு அசலா, அடுத்தடுத்து."

"அதனால?"

"அதனால நொதி அளவுக்கு மேல தயாராகுது. எத்தனையைத்தான் அடைக்கும் மருந்து? போதாததுக்கு ஜீனுக்குள்ள ஒரு எழுத்தும் மாறியிருக்கு. மருந்து போய் உட்கார்ற இடமே கோணலாயிடுச்சு."

"மாத்திரை சாப்பிட்டதால இப்படி மாறிடுச்சா?" என்று கேட்டேன். அப்படித்தான் என்று அவர் சொல்லிவிடக்கூடாதா என்று இருந்தது.

"இல்லை. நோயாளி உடம்புல பழகினதுன்னா எழுத்து மட்டும் இங்கொண்ணு அங்கொண்ணு மாறும். இப்படி ரெட்டை எழுதினது வெளியில வளர்ந்தது. வயல், தோட்டம், உரக்குழி. அங்க அடிக்கிற பூசண மருந்துல இதே அசோல் குடும்பம் இருக்கே. வருஷக்கணக்கா அதைக் குடிச்சு வளர்ந்தது." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகக் கேட்டார். "உங்க தம்பி இருக்கிற வீட்டுல தோட்டம் கீட்டம் உண்டா?"

நான் அறிக்கையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். மரியாதை இல்லாத செயல். 

என் கணவர் ரோஜாவுக்கு அடிக்கும் டப்பாக்களை அன்று சாயங்காலம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தேன். மூன்றில் இரண்டு அசோல். அவர் சாம்பல் நோயைக் கொல்ல அடிக்கிறார், சாம்பல் நோய் சாகிறது. மருந்து படிந்த தண்டும் இலையும் குப்பைமேட்டுக்குப் போகின்றன. மேட்டின் நடுவில் கை வைக்க முடியாத கொதிப்பு. அந்தக் கொதிப்பில்தான் இந்தப் பூஞ்சை சுகமாக வாழும். ரோஜாவுக்கு அது எந்தக் கெடுதலும் செய்யாது, அதனால் அவர் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. அவர் குறி வைத்தது ஒன்றை, பயிற்சி கொடுத்தது இன்னொன்றுக்கு. வெளியே உரக்குழியின் சூட்டில் பழகியதற்கு மனித உடம்பின் சூடு ஒரு பொருட்டே இல்லை. மற்ற பூஞ்சைகள் நம் உடம்புச் சூட்டில் சுருண்டுவிடும், இது காலை நீட்டிப் படுக்கும்.

குடிலில், அறையில், குப்பைமேட்டின் பக்கத்தில் என்று திறந்த தட்டுகளை வைத்தேன். "என்ன, வீட்டுலயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். ஏதோ ஆபீஸ் வேலை என்று பூசி மெழுகினேன். மேட்டிலும் கொஞ்சம் கிள்ளிக்கொண்டேன். எல்லாம் முளைத்தன. அசோல் தட்டிலும் முளைத்தன. எழுத்தெண்ணி நுரையீரலில் இருந்ததையும் மேட்டில் இருந்ததையும் முழுக்க வாசித்து அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். "கூடப் பிறந்ததுங்க" என்றார். இந்த முறை அவர் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

யாரிடம் கோபப்படுவது? அவரிடமா? தம்பிக்குச் சிறுநீரகம் வைத்த நாளில் எனக்கும் அவனுக்கும் நடுவே மாடி ஏறி இறங்கிக் காலே வீங்கியவர் அவர். தன் நல்ல அறையை அவனுக்குக் கொடுத்தவர். எனக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. சொல்லவில்லை. தள்ளிப்போட்டேன்.

மஞ்சள் மருந்து வேலை செய்தது. காய்ச்சல் விட்டது, உருண்டை சுருங்கியது. ஆனால் என் சிறுநீரகம், அதாவது அவனுடையது, தேய்ந்துகொண்டே வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதோட நிறுத்தணும்மா. இன்னும் ஏத்தினா கிட்னி மிஞ்சாது. இப்ப இருக்கிற மிச்சத்தை வேற லேசான ஊசியால அடக்கி வெச்சா, மீதியை உடம்பே பார்த்துக்கும்னு நம்பறேன். வீட்டுக்கு அனுப்பலாம். ஆனா தூசி, மண்ணு, எதுவும் ஆகாது. இன்னொரு தடவை இதே பூஞ்சை உள்ள போச்சுன்னா எங்கிட்ட கொடுக்க மருந்து இல்லை. மாத்திரை கேட்காது, மஞ்சள் தாங்காது, லேசான ஊசி பத்தாது. புரியுதுல்ல?"

புரிந்தது. அந்த வீட்டுக்கு அவன் போகக்கூடாது. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துவிட்டேன், சின்னது, மாடியில், செடி கொடி ஒன்றும் இல்லை. வார இறுதியில்தான் அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் கணவரிடம் சொல்லிவிட வேண்டும். மேட்டை யாரும் தொடக்கூடாது, தண்ணீர் நனைத்து, தார்ப்பாய் போட்டு மூடி, முறையாக அப்புறப்படுத்துகிற ஆட்களைக் கூப்பிட வேண்டும். எல்லாம் மனதில் வரிசையாக வைத்திருந்தேன். கோபப்படாமல் சொல்ல வேண்டும் என்றும் வைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் அவர் பூ கட்டும் மேஜையில் நின்று தண்டுகளைச் சமமாக வெட்டிக்கொண்டிருந்தார். முழங்கையில் வெள்ளைப் பெயின்ட். "மாப்ள ரூமுக்கு நேத்து சுண்ணாம்பெல்லாம் சுரண்டிட்டுப் புதுப் பெயின்ட் அடிச்சுட்டேன். ஜன்னலுக்கு வலையும் போட்டாச்சு. பூவைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்கலாம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"அவன் இங்க வரக்கூடாதுங்க."

"ஏன்?"

"அவன் நெஞ்சுல இருக்கிறது நம்ம குப்பையில இருந்து போனது. பார்த்துட்டேன். ரெண்டும் ஒண்ணுதான்."

கத்தரி நின்றது. "என்ன சொல்ற? பூசணம் எங்கதான் இல்ல? ரோட்டுல இல்லையா? உங்க ஆஸ்பத்திரியில இல்லையா?"

"இது வேற. நீங்க அடிக்கிற மருந்தைக் குடிச்சு வளர்ந்தது. அதனாலதான் அவனுக்கு மாத்திரை கேட்கல."

"அப்ப நான்தான் உன் தம்பியைக் கொல்லப் பார்த்தேன்னு சொல்றியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த இடத்தில் நான் மனதில் வைத்திருந்த வரிசை முழுக்கக் கலைந்துபோனது. இத்தனை நாள் அடக்கி வைத்தது மொத்தமும் வாய்க்கு வந்தது. குப்பையைத் தள்ளி வையுங்கள் என்று முதல் நாளே சொன்னேனே, அது வாசல் வரைக்கும் வந்தபோது உங்கள் கண் எங்கே போயிற்று, விற்காத பூவை மலையாகக் குவித்து வைக்க உங்களுக்கு யார் சொன்னது, இலையில் ஒரு புள்ளி விழுந்தால் துடிக்கிற மனுஷனுக்கு ஒரு ஆள் இருமுவது கேட்கவில்லையா என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. அது புதிது. எனக்கு அதுவும் கோபத்தைத்தான் கிளப்பியது. "அந்தக் குப்பை இருக்கிற வரைக்கும் அவன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். மீதியைச் சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மதியம் வார்டுக்குப் போனேன். தம்பியின் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

"அவசரமா பெட் தேவைப்பட்டுச்சு மேடம். டாக்டர் போகலாம்னுட்டார். உங்களுக்குப் போன் போட்டோம், எடுக்கல. உங்க வீட்டுக்காரருக்குப் போட்டோம், உடனே வண்டி எடுத்துட்டு வந்துட்டார்" என்றாள் நர்ஸ். "ரொம்ப சந்தோஷமா கூட்டிட்டுப் போனார். பேஷன்ட்டுக்கு மாஸ்க் எல்லாம் அவரே கட்டிவிட்டார்."

ஆய்வகத்துக்குள் போனை எடுத்துப்போக மாட்டோம். அலமாரியைத் திறந்து பார்த்தால் வரிசையாக அழைப்புகள். கணவருக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. வேலையில் இறங்கினால் அவர் போனை மேஜையில் வைத்துவிடுவார். தம்பிக்கு அடித்தேன். அவனுடையது என் பைக்குள்ளேயே ஒலித்தது. சார்ஜ் போட என்று நான்தான் முந்தின நாள் சாயங்காலம் அவனிடமிருந்து வாங்கி வைத்திருந்தேன். டாக்சி பிடித்தேன்.

திருப்பத்திலேயே தெரிந்தது. எங்கள் தோட்டத்துக்கு மேல் புகை. எரிக்கிறார் என்று நினைத்து ஒரு நொடி ஆசுவாசப்பட்டேன். கிட்டே வந்தபோது தீ இல்லை. குப்பைமேட்டின் வயிற்றைத் திறந்தால் வருகிற ஆவி அது. ஆவியோடு சாம்பல் நிறத்தில் மெல்லிய தூசி எழும்பி, வெயிலில் மின்னி, காற்று போகிற பக்கம் போய்க்கொண்டிருந்தது. வாடகை லாரி ஒன்று பாதிக்கு மேல் நிரம்பி நின்றது. என் கணவர் மேட்டின் மேல் நின்று, மூக்கில் துண்டு கட்டிக்கொண்டு, கவையால் குத்திக் குத்தி வாரி லாரியில் வீசிக்கொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

தம்பி ஜன்னலில் இருந்தான். ஜன்னல் விரியத் திறந்து, முழங்கையை ஊன்றி, மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். வார்டில் பார்க்காத நிறம் முகத்தில் வந்திருந்தது.

"அக்கா! மச்சானைப் பாரு. ஒத்தை ஆளா மலையைப் பேத்துட்டாரு!"

"ஜன்னலை மூடு!"

"பெயின்ட் நாத்தம் தாங்கலக்கா. தலைவலி வந்துடுச்சு. அதான் இப்பத்தான்..."

"மூடுடா!"

மூடினான். கணவர் கவையை ஊன்றிக்கொண்டு திரும்பினார். துண்டை இறக்கினார். "ஏன் இப்படிக் கத்துற? நீ போனதுல இருந்து இதைத்தான் பண்ணிட்டிருக்கேன். லாரி பேசப் போன இடத்துல வார்டுல இருந்து போன் வந்துச்சு, போய்க் கூட்டிட்டு வந்தேன். ஜன்னலைச் சாத்திட்டு இருன்னு சொல்லிட்டுத்தான் ஏறினேன். இன்னும் கொஞ்சம்தான். சாயங்காலத்துக்குள்ள ஒரு இலை இருக்காது. நீ சொன்ன மாதிரியே" என்றார். குரலில் பெருமை இருந்தது. காலையில் நடந்ததற்குச் சமாதானமும் இருந்தது.

நான் கிட்டே போனேன். கத்த வரவில்லை.

"கிளறினாத்தாங்க அது பறக்கும்."

 தன் கையிலிருந்த கவையைப் பார்த்தார். வெயிலில் மிதந்துகொண்டிருந்த தூசியைப் பார்த்தார். அது போகிற திசையைப் பார்த்தார். ஜன்னல் வலையில் மாவு பூசினதுபோல் படிந்திருந்தது. புது வலை. அவர் மேட்டிலிருந்து இறங்கத் தெரியாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

தம்பியின் தலைக்கு மேல் ஈரப் போர்வையைப் போட்டு மூடி எங்கள் வண்டியில் ஏற்றினேன். கணவர் தெளிப்பானில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார், மேட்டை நனைக்க. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் தன் காலிலேயே ஊற்றிக்கொண்டார். "விடுங்க, வாங்க" என்றேன். அவரால் ஓட்ட முடியாது என்று தெரிந்தது. சாவியை நான் வாங்கிக்கொண்டேன். பூக்கூடை வைக்கிற வண்டி, முன்னால் ஒரே நீள இருக்கைதான். தம்பி நடுவில், அவர் ஓரத்தில்.

"டாக்டர் அந்த மஞ்சள் மருந்தை மறுபடியும் ஏத்துவார்ல?" என்றார் அவர். "ஏத்தலாம்ல?"

டாக்டர் சொன்னதை அவரிடம் நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தம்பிக்குத் தெரியும், அவன் முன்னால் வைத்தே டாக்டர் இன்னொரு முறை சொல்லியிருந்தார். அவன் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் முழங்காலில் வைத்தான். பெயின்ட்டும் குப்பையும் அப்பிய அவர் கை அதன் மேல் போய் உட்கார்ந்தது. உடனே பயந்து எடுத்துக்கொண்டார்.

"என்னை ஏதாவது சொல்லு" என்றார் என்னிடம். "காலையில சொன்ன மாதிரி சொல்லு. நல்லாத் திட்டு."

எனக்கு அவரைத் திட்ட ஒரு வார்த்தையும் இல்லை. கிளறாதீங்க என்று ஒரு சொல் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காலையிலேயே சொல்லித் தீர்த்திருந்தேன்.

"திட்டிடுக்கா" என்றான் தம்பி, போர்வைக்குள்ளிருந்து. "ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டு. நீ இப்படி வாயைத் திறக்காம வந்தாத்தான் எனக்குப் பயமா இருக்கு."

நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன். முன்னால் சிக்னலில் வண்டிகள் நின்றிருந்தன. அவன் ஒரு முறை இருமினான்.